நிகழ்வு ஆய்வு: அறைக்குள் காத்த ரகசியம் பேருந்து நிறுத்தத்தில் கசிந்த விதம்

இதில் வருபவர்களின் அடையாளம் தெரியாதபடி வயது, தொழில், வசிக்கும் பகுதி போன்ற சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. தற்கொலை பற்றிய பேச்சு இடையில் வருகிறது. படிக்கும்போது மனம் கனத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

பின்னணி

2024 ஜூலை 6 முதல் செப்டம்பர் 28 வரை மேற்கு மாம்பலத்தில் ஒரு வாசகசாலையின் மாடி அறையில், கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகும் சகஆதரவுக் குழு கூடியது. மொத்தம் 12 சந்திப்புகள். சனிக்கிழமைதோறும் மாலை 4 முதல் 5.30 வரை, விநாயகர் சதுர்த்தி வந்த செப்டம்பர் 7 மட்டும் விடுமுறை. சேர்ந்தவர்கள் 11 பேர்: 8 பெண்கள், 3 ஆண்கள்.

இடமும் நேரமும் யோசித்து வைத்தவை. கணவன் இறந்த முதல் வருஷத்தில் ஒரு பெண் வாரம் தவறாமல் புறப்பட்டு வெளியே போனால் வீட்டிலும் தெருவிலும் கேள்வி வரும். கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. அந்த வருஷம் கோயில் படி ஏறக்கூடாது என்று வைத்திருக்கும் வீடுகள் பல. வாசகசாலை என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. 5.30க்கு முடிந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பலாம். 2021 மே முதல் மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், போக வர வீட்டில் யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வசதி பின்னால் எதிர்பாராத ஒன்றுக்கும் வழிவிட்டது.

நடத்தியவர் 52 வயதுப் பெண்மணி. ஆறு ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்தவர், குழு நடத்தப் பயிற்சி பெற்றவர். இனி அவரை ஒருங்கிணைப்பாளர் என்று குறிப்பிடுகிறோம். உளவியல் ஆலோசகர் ஒருவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து, வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

துணை இறந்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், மூன்று வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது சேர்க்கை விதி. முதல் சில வாரங்கள் காரியத்திலும் உறவுக்காரர் கூட்டத்திலும் போய்விடும். துக்கம் உள்ளே இறங்குவது எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான். அதே நேரம் சகஆதரவுக் குழு சிகிச்சைக்கு மாற்று இல்லை. துக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 குறைந்தது 6 மாதத்துக்குப் பிறகும், அமெரிக்காவின் மனநலக் கையேடான டி.எஸ்.எம்.-5-டி.ஆர். பெரியவர்களுக்கு 12 மாதத்துக்குப் பிறகும் கணிக்கின்றன. அப்படிப்பட்டவர் குழுவுக்கு வரலாம், ஆனால் மருத்துவரையும் பார்த்தாக வேண்டும்.

சேரும் நாளில் எல்லோரும் பி.எச்.க்யூ.-9 என்ற மனச்சோர்வுப் படிவத்தை நிரப்பினார்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. 11 பேரும் ‘இல்லை’ என்றே குறித்திருந்தார்கள்.

குழு நடந்த முறை

90 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் விதிகளைப் படிப்பது, 55 நிமிடம் ஆளுக்கு 5 வீதம் பேசுவது, 20 நிமிடம் பொதுப் பேச்சு, கடைசி 10 நிமிடம் முடிப்பு. விருப்பமில்லாதவர் ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். விதிகள் நான்கு: இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும், கேட்டால் ஒழிய யோசனை சொல்ல வேண்டாம், யாரையும் ‘அழாதீங்க’ என்று சொல்ல வேண்டாம், எல்லோரிடமும் ‘ங்க’ போட்டே பேச வேண்டும்.

நான்காவது விதி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சென்னையில், அதிலும் மாம்பலத்தில், ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே சாதியும் வசதியும் வெளிவந்துவிடும். அறிமுக நாளில் ஒருவர் ‘மாமி’ ஆனார், இன்னொருவர் ‘டீச்சரம்மா’ ஆனார். சைதாப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்த 38 வயதுப் பெண்ணுக்கு மட்டும் ‘வாம்மா, இப்படி உட்காரு’. ஒருமையில் அழைக்கப்பட்டவர் அந்த அறையில் தண்ணீர் எடுத்துக்கொடுப்பவர் ஆகிவிடுவார். அவருடைய ஐந்து நிமிடம் மூன்றாகச் சுருங்கும். இதை முதல் நாளே பிடித்துச் சரிசெய்தது ஒருங்கிணைப்பாளரின் நல்ல வேலை. இரண்டாம் வாரத்திலிருந்து தண்ணீர்க் குடத்தை முறை போட்டு எல்லோரும் நிரப்பினார்கள்.

பேருந்து நேரம், விடுமுறை போன்ற தகவலுக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கப்பட்டது. அதற்கென்று தனி விதி எதுவும் எழுதப்படவில்லை.

முதல் நான்கு வாரம்

இந்த நிகழ்வில் முக்கியமானவர்கள் மூவர். முதலாமவர், வீட்டிலேயே தையல் வேலை செய்யும் 41 வயதுப் பெண். கணவர் இறந்து 10 மாதம். மாரடைப்பு என்று சொல்லியிருந்தார். வீட்டில் மாமியாரும் 13 வயது மகனும். இரண்டாமவர், மேலே சொன்ன இட்லிக் கடைக்காரர். மூன்றாமவர், மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து இரண்டு வருஷம் ஆன, 67 வயது ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்.

வங்கி ஊழியர் இரண்டாம் வாரமே ஒரு பிளாஸ்டிக் கோப்போடு வந்தார். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிப்பது, பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி, பி.எஃப். காப்பீட்டுக்கு 5ஐ.எஃப்., மாதம் 1,200 ரூபாய் வரும் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு யார் தகுதியானவர் என்று எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. பெண்களில் பலருக்குக் கணவரின் வங்கிக் கணக்கு எத்தனை என்பதுகூடத் தெரிந்திருக்கவில்லை. அவர் செய்தது உண்மையான உதவி. அதைக் குறைத்துச் சொல்ல எதுவுமில்லை.

ஆனால் மூன்றாம் வாரம் ஆலோசகர் எடுத்த குறிப்பில் இப்படி இருக்கிறது: 90 நிமிடத்தில் காகித விஷயம் 38 நிமிடம், முறை வராமல் போனவர்கள் 4 பேர். ஒருவர் “ராத்திரி படுத்தா பக்கத்துல கை தேடுது” என்று ஆரம்பித்தார். அடுத்த வாக்கியத்துக்கு முன் “நாமினி உங்க பேர்ல இருக்கா?” என்ற கேள்வி வந்தது. அவர் நாமினி பற்றிப் பதில் சொன்னார். கை தேடியது அதோடு நின்றுபோனது.

படிவத்துக்குப் பதில் உண்டு, வெறும் படுக்கைக்குப் பதில் கிடையாது. அதனால் இரண்டும் ஒரே வட்டத்தில் வந்தால் எல்லோரும் பதில் உள்ள பக்கமே சாய்வார்கள். இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, மனித இயல்பு. நேரத்தைப் பிரித்துவைக்காத குழுக்களில் இது நடந்தே தீரும்.

இன்னொன்றும் குறிப்பில் இருந்தது. மூன்று வாரமும் வங்கி ஊழியர் தன் முறை வந்தபோது ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று கடந்திருக்கிறார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரக் குறிப்பைப் படித்த பிறகும் எதுவும் மாற்றப்படவில்லை. “எல்லாருக்கும் உபயோகமா இருக்கே” என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம்.

ஆகஸ்ட் 3 முதல் 5 வரை

ஐந்தாம் சந்திப்பு நடந்த ஆகஸ்ட் 3 சனிக்கிழமைக்கு மறுநாள் ஆடி அமாவாசை. தையல்காரருக்கு அது கணவர் போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. மகனைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்ல வேண்டும் என்றார் மாமியார். ‘அப்படிப் போனவங்களுக்கு அதெல்லாம் செய்யலாமா’ என்று உறவில் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்றைய சந்திப்பில் தையல்காரர் பேசவில்லை.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தம் வரை ஆறு நிமிட நடை. கட்டணமில்லாப் பேருந்துக்காகப் பெண்கள் மற்ற பேருந்துகளை விட்டுவிட்டு 20, 30 நிமிடம் காத்திருப்பது வழக்கம். ஐந்து வாரத்தில் அந்த நிறுத்தமே விதியும் நேரக் கணக்கும் ஒருங்கிணைப்பாளரும் இல்லாத இரண்டாவது குழுவாகிவிட்டிருந்தது. அங்கேதான் தையல்காரர் இட்லிக் கடைக்காரரிடம் கேட்டார்: “அக்கா, எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாம இன்ஷூரன்ஸ் தரமாட்டாங்களா?”

சைதாப்பேட்டைக்காரரான அவர் வயதில் இளையவர் என்றாலும் குழுவில் எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான். மாரடைப்பில் போனவருக்கு எஃப்.ஐ.ஆர். எதற்கு என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தற்கொலையாலோ சந்தேகத்துக்குரிய வகையிலோ ஒருவர் இறந்தால் காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் உண்டு. பழைய சட்டப் பிரிவை வைத்து மக்கள் அதை இன்றும் ‘174 கேஸ்’ என்பார்கள்; இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 194. அவர் மெல்ல விசாரிக்க, தையல்காரர் சொல்லிவிட்டார். கணவர் கடன் தொல்லையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மகனுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

இட்லிக் கடைக்காரர் அதை வம்பாகப் பரப்பவில்லை. காகிதம் தெரிந்தவரிடம் கேட்டுச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமே என்று ஞாயிறு மாலை வங்கி ஊழியரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். இரவு 10.15க்கு வங்கி ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: ‘நமது தையல் சகோதரியின் கவனத்துக்கு. தற்கொலை மரணம் என்றால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வாங்கி வையுங்கள். நான் உதவுகிறேன்.’ கீழே கைகூப்பும் படம்.

15 நிமிடத்தில் நான்கு பதில்கள் வந்தன. மூன்று ஆறுதல். நான்காவது: ‘ஹார்ட் அட்டாக்னுதானே சொன்னாங்க?’

தையல்காரர் 11.40க்குக் குழுவிலிருந்து வெளியேறினார். 1.10க்கு, குழுவில் தனக்கு நெருக்கமான 58 வயதுப் பெண்மணிக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினார்: ‘அம்மா, இனி யாருக்கும் என்னால தொந்தரவு இருக்காது. பையனை நாத்தனார் பாத்துப்பாங்க.’ அந்தப் பெண்மணி அதைப் பார்த்தது பால் வாங்க எழுந்த 5.30க்கு.

அன்று காலை எடுத்த முடிவுகள்

5.35க்கு ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல் போனது. சேர்க்கைப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண்ணைத் தேடினால், அந்த இடத்தில் தையல்காரரின் சொந்த எண்ணே எழுதப்பட்டிருந்தது. நிரப்பியபோது யாரும் கவனிக்கவில்லை. இரண்டு அழைப்புகள் எடுக்கப்படவில்லை. மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் 112க்கு அழைத்துவிட்டு நேரில் போவது என்று முடிவு செய்திருந்தார். 5.43க்குத் தையல்காரர் எடுத்தார்.

ஒருங்கிணைப்பாளர் சுற்றி வளைக்கவில்லை. “செத்துப் போயிடணும்னு தோணுதாங்க?” என்று கேட்டார். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை, கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் அது பாரம் இறங்கும் இடம். “ஆமாக்கா” என்று வந்தது. அடுத்த இரண்டு கேள்விகள்: எப்படி என்று ஏதாவது யோசித்துவைத்தாரா, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள். யோசித்திருந்தார். மகனும் மாமியாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மகனை எழுப்பிக் காவல் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று விட்டார்கள். அது பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாத சுமை. இரண்டு தெரு தள்ளியிருந்த நாத்தனாரின் எண்ணைத் தையல்காரரிடமே கேட்டு வாங்கி, இன்னொரு கைபேசியிலிருந்து அழைத்தார்கள். அவர் 6.05க்கு வந்து சேரும்வரை முதல் அழைப்பு துண்டிக்கப்படவில்லை. ஒருங்கிணைப்பாளர் ஆட்டோவில் 6.30க்குப் போனார். ஆபத்தாகக்கூடிய பொருட்களை நாத்தனார் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம் என்றதும் நாத்தனார் தயங்கினார்: “மறுபடியும் போலீஸ் கேஸ் ஆயிடுமா?” ஒரு வருஷத்துக்குள் காவல் நிலையமும் பிணவறையும் பார்த்த குடும்பத்துக்கு அது நியாயமான பயம். சாக வேண்டும் என்ற எண்ணம் எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. முயற்சி செய்தவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 115 சொல்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டித்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. இதைச் சொன்ன பிறகே அவர் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

பேசித் தேற்றிவிட்டு விட்டுவிடாமல் மருத்துவமனைக்கே போனதற்குக் காரணங்கள் இருந்தன. எண்ணம் மட்டுமல்ல, திட்டமும் இருந்தது. நான்கு இரவு தூக்கமில்லை. வருஷ நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவமானம் புதிதாகச் சேர்ந்திருந்தது. சகஆதரவால் தாங்கக்கூடிய எடை இல்லை இது. மருத்துவர் மருந்து எழுதி, வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.

அன்றே ஆலோசகர் ஆறு படிப் பாதுகாப்புத் திட்டத்தைத் தையல்காரரோடு உட்கார்ந்து எழுதினார்: எச்சரிக்கை அடையாளங்கள், தானே செய்துகொள்ளக்கூடியது, மனத்தைத் திருப்பும் இடமும் மனிதரும், உதவி கேட்கக்கூடியவர், மருத்துவமும் உதவி எண்களும், வீட்டைப் பாதுகாப்பாக்குவது. இதில் முதல் படியைப் பொதுச் சொல்லில் எழுதினால் பயனில்லை. ‘மனசு சரியில்லை’ என்று எழுதியதை அடித்துவிட்டு அவரே சொன்னது: “மெஷின் முன்னாடி உட்கார்ந்து, ஊசில நூல் கோக்காமயே இருப்பேன்.” அடையாளம் என்றால் அது. நாத்தனார் வாசலில் நின்றே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. சேர்க்கை நாளில் ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்தபோது, இடத்தைப் பார்க்க வந்திருந்த நாத்தனார் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

குழுவைச் சரிசெய்தது

திங்கள் காலை 7 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒருங்கிணைப்பாளர் எழுதியது இரண்டே வரி: ‘இன்று இங்கே யாரும் எதுவும் எழுத வேண்டாம். ஒவ்வொருவரையும் நானே அழைக்கிறேன்.’ விளக்கமோ கண்டனமோ மன்னிப்போ அங்கே எழுதவில்லை. எழுதியிருந்தால் அதுவே இரண்டாவது முறை வெளியிட்டதாகும். இரவுக்குள் பத்துப் பேரையும் அழைத்து ஒரே விஷயத்தைச் சொன்னார்: அவர் பத்திரமாக இருக்கிறார், அவரை யாரும் தொடர்புகொள்ள வேண்டாம், அவர் கணவர் பற்றிக் கேட்டதை இனி யாரிடமும், உங்களுக்குள்ளும் பேச வேண்டாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்துகிறது. சகஆதரவுக் குழுவின் உறுப்பினர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களைக் கட்டுவது கொடுத்த வாக்கு ஒன்றுதான். அந்த வாக்கு ‘இங்கே கேட்டது இங்கேயே’ என்று இருந்தது. இட்லிக் கடைக்காரர் கேட்டது இங்கே இல்லை, நிறுத்தத்தில். வங்கி ஊழியர் கேட்டது தொலைபேசியில். எழுதியிருந்தபடி பார்த்தால் இருவருமே விதியை மீறவில்லை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒன்றரை மணிக்கு விதி எழுதிவிட்டு மீதி 166.5 மணி நேரத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒருங்கிணைப்பாளர் வங்கி ஊழியரை அவர் வீட்டிலேயே சந்தித்தார். குற்றம் சொல்லப் போகவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, “ஐந்து வாரமா உங்க முறையை விட்டுட்டே வர்றீங்களே சார்” என்று மட்டும் கேட்டார். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னது: “அடுத்தவங்களுக்குப் பதில் சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு இருந்துச்சும்மா.”

குழுச் சிகிச்சையில் குணம் தரும் காரணிகள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் பட்டியலிட்ட பதினொன்றில் பிறருக்கு உதவுவதும் ஒன்று. அதனால் அவருடைய உதவியை நிறுத்துவது அவரையும் ஒடிக்கும், காகிதம் தேவைப்படும் பெண்களையும் கைவிடும். இடத்தை மாற்றினார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், 3 மணி முதல் 3.45 வரை, கீழ்த்தளத்து மேசையில் ‘காகித நேரம்’. ஒருவர் பின் ஒருவராக, தனியாக. ஆவணத்தைக் கைபேசியில் படம் எடுக்கக் கூடாது, ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, மரணச் சான்றிதழைத் தேவையில்லாமல் படித்துப் பார்க்கக் கூடாது. 3.45க்குக் கோப்பு மூடப்படும். மாடிக்குக் கோப்போடு ஏறக் கூடாது.

ஆறாம் சந்திப்புக்கு 8 பேர் வந்தார்கள். தையல்காரரும் இட்லிக் கடைக்காரரும் வரவில்லை. இன்னொருவர் ‘இங்கயும் இப்படியா’ என்று விலகிவிட்டார். குழுவின் விதியில் ஓட்டை இருந்தது, அதை அடைக்காதது நடத்தியவர்களின் தவறு என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். யார் பெயரும் எடுக்கப்படவில்லை. ரகசிய விதி மாற்றி எழுதப்பட்டது: ‘இன்னொருவரைப் பற்றித் தெரிந்ததை, எங்கே தெரிந்திருந்தாலும், உதவி செய்வதற்காகக்கூட, அவரைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.’ ‘உதவி செய்வதற்காகக்கூட’ என்ற இரண்டு சொற்களை எல்லோரும் வாய்விட்டுச் சொன்னார்கள்.

வாட்ஸ்அப்பில் நிர்வாகி மட்டுமே எழுதும்படி மாற்றப்பட்டது. பேச்சுச் சுற்று பதில் இல்லாத சுற்றானது: ஒருவர் பேசி முடித்தால் அடுத்தவர் பேசுவதற்கு முன் எல்லோரும் மூன்று மூச்சு அமைதி. முதல் இரண்டு வாரம் அந்த அமைதி பெரும் சங்கடமாக இருந்தது. மின்விசிறிச் சத்தமும் கீழே காய்கறி வண்டிக்காரர் குரலும் மட்டும் கேட்கும். மூன்றாவது வாரத்திலிருந்து அதைத் தாங்கப் பழகினார்கள்.

பிறகு நடந்தவை

எட்டாம் வாரம் வங்கி ஊழியர் முதல்முறையாகத் தன் ஐந்து நிமிடத்தைப் பயன்படுத்தினார். மனைவியின் கடைசி மாதத்தில் மருந்து அட்டவணையைத் தான் ஒரு பேரேடு போல எழுதி வைத்திருந்ததைப் பற்றியும், ‘கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன்’ என்று மனைவி கேட்டதைப் பற்றியும் பேசினார். யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று மூச்சு.

தையல்காரருக்கு அவர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். கடிதம் ஒருங்கிணைப்பாளரிடம் இருந்தது; வேண்டும் என்று கேட்டால் மட்டும் தருவது என்று ஏற்பாடு. மூன்று வாரம் கழித்துத் தையல்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். படித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

பதினோராம் சந்திப்புக்கு, செப்டம்பர் 21 அன்று, அவர் திரும்பி வந்தார். கதவருகே ஒரு நாற்காலி எப்போதும் காலியாக விடப்பட்டிருந்தது, அதில் உட்கார்ந்தார். கணவர் எப்படி இறந்தார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகனின் பள்ளிக்கூடப் பேன்ட் பற்றிப் பேசினார்: “காலாண்டு வர்றதுக்குள்ள கணுக்காலுக்கு மேல போயிடுச்சு. அவங்க அப்பா உயரம் வரும்போல. உள்ள மடிச்சுத் தைச்சிருந்ததை நேத்துப் பிரிச்சு விட்டேன்.” அறையில் எல்லோருக்கும் மற்ற விஷயம் தெரியும். யாரும் தொடவில்லை. இந்தக் குழு எழுந்து நின்றது அந்த இடத்தில் என்பது எங்கள் எண்ணம். செப்டம்பர் 28 கடைசிச் சந்திப்புக்கும் வந்தார். மருத்துவரைப் பார்ப்பது தொடர்ந்தது.

அடுத்த குழுவில் மாறியவை

2025 ஜனவரி 25இல் தொடங்கிய குழுவில் பி.எச்.க்யூ.-9 படிவம் தனி அறையில், கூட வந்தவர் கீழே காத்திருக்க, வாய்வழியாகக் கேட்டு நிரப்பப்பட்டது. எழுத்தில் ‘இல்லை’ என்பது எளிது. முகம் பார்த்துக் கேட்டால் பதில் வர நேரம் எடுக்கும், அந்த நேரமே ஒரு தகவல். அவசரத் தொடர்புக்கு இரண்டு எண்கள், இரண்டுக்கும் அங்கேயே அழைத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ‘எப்படி இறந்தார்’ என்ற கேள்வி படிவத்திலிருந்து எடுக்கப்பட்டது. பதிலாக, ‘இறப்பு பற்றி எதைக் குழுவில் பேச வேண்டாம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கப்படுகிறது. பொய் சொல்லும் கட்டாயமே அதோடு போய்விடுகிறது.

தற்கொலையில் துணையை இழந்தவரைப் பொதுக் குழுவில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ‘ஏன்’ என்ற கேள்வி, முந்தின நாள் பேசியதையே திரும்பத் திரும்ப நினைப்பது, காவல் விசாரணையின் அவமானம் என்று அந்தத் துக்கத்துக்கு வேறு முட்கள் உண்டு. அதே இழப்பைக் கண்டவர்கள் மட்டும் கூடும் குழு கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காத இடத்தில் பொதுக் குழு போதும். ஆனால் அனுபவம் உள்ள இன்னொருவரைத் தனியாக ஜோடி சேர்த்துவைக்க வேண்டும். நாத்தனாரையும் இங்கே சொல்ல வேண்டும். மருத்துவமனைத் திண்ணையில் அவர் கேட்டது: “அவளுக்குப் புருஷன். எனக்கு அண்ணன். எனக்கு எங்கக்கா போறது?” உடன்பிறந்தாரை இழந்தவர்களுக்கான குழு பற்றி அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பலருக்கு வாரத்தின் நல்ல அரைமணி அதுதான். கடைசி பத்து நிமிட முடிப்பில் இப்போது ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: “வழியில் யாரிடமாவது ஏதாவது கேட்டால், அதை எங்கே வைப்பீர்கள்?” ஒவ்வொருவரும் தன் வாயால் ஒரு பதில் சொல்லிவிட்டே படியிறங்குகிறார்கள். தாங்க முடியாத ஒன்றைக் கேட்டவர் அன்றே ஒருங்கிணைப்பாளரை அழைக்கலாம். சொன்னவரின் பெயரைச் சொல்லாமல், தன் பாரத்தைப் பற்றி மட்டும் பேசலாம்.

நிலுவையில் இருப்பது

இட்லிக் கடைக்காரர் திரும்பி வரவில்லை. அந்த வாரம் எல்லோருடைய கவனமும் தையல்காரர் மேலும், அடுத்து வங்கி ஊழியர் மேலும் இருந்தது. இவருக்குப் போனது திங்கட்கிழமை பத்துப் பேருக்கும் போன அதே பத்து நிமிட அழைப்பு மட்டும். தன்னை நம்பிச் சொன்ன ஒருவருக்காகக் கேட்கப் போய், ஒரு உயிருக்கே ஆபத்து வந்தது என்று அவர் தெரிந்துகொண்டது அந்த அழைப்பில்தான். அவரை நேரில் பார்க்க யாரும் போகவில்லை. வங்கி ஊழியருக்கு வீடு தேடிப் போனவர்கள் இவர் கடைக்குப் போகவில்லை என்பதில், முதல் நாள் ‘இப்படி உட்காரு’ என்று ஒருமையில் அழைத்த அதே பழக்கத்தின் நிழல் இருக்கிறது.

செப்டம்பரில் இரண்டு முறை அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. அடுத்த குழு தொடங்கும் முன், ஜனவரியில் மூன்றாம் முறை அழைத்தபோது எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ சட்னி கேட்கும் குரலும். “கடைல கூட்டமா இருக்குக்கா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். கடை காலை 11 மணிக்கு மேல் ஓய்ந்துவிடும். ஒருங்கிணைப்பாளர் அந்த நேரத்தில் நேரில் போவதென்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.